தட்டுவடை செட் கடைக்குக் கையால் செய்த தட்டும் சட்னிக் கிண்ணமும்: எந்த மண், எவ்வளவு சூடு, என்ன அளவு?

ஏரிமண் கேட்டது:

வணக்கம். சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் தட்டுவடை செட் போடும் ஒரு கடைக்காரரும் நானும் சேர்ந்து, அவர் கடைக்கென்றே தட்டும் கிண்ணமும் செய்வதாகப் பேச்சு. 60 தட்டு, 60 சட்னிக் கிண்ணம். ஒரு தட்டில் ஆறு செட் உட்காரணும், நடுவில் கூடுதல் சட்னிக்கு ஒரு கிண்ணம். தட்டுவடை ஒவ்வொன்றும் 5 செ.மீ. அகலம். இரண்டு தட்டுவடை சேர்ந்தது ஒரு செட், அதற்கு உள்ளே கேரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், சிவப்புப் பூண்டுச் சட்னி, பச்சைப் புதினாச் சட்னி, மேலே எலுமிச்சை பிழிவார்.

என்னிடம் இருப்பது ஏரிக் களிமண், சக்கரம், விறகுச் சூளை. வழக்கமாகச் செய்வது தண்ணீர்ப் பானை, அகல், பொங்கல் பானை. தெரிந்தவர் ஒருவரிடம் மின்சூளை இருக்கு: 1250 டிகிரி வரை போகும், உள்ளளவு மூணு பக்கமும் 45 செ.மீ.

மாதிரிக்கு ஏரி மண்ணில் நாலு தட்டு சுட்டேன். இரண்டு நெளிந்துவிட்டது. மூணாவதில் ஒரு வாரம் கழித்து அங்கங்கே சில்லு தெறித்து, ஒவ்வொரு குழியின் நடுவிலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி தெரியுது. நாலாவதில் கடைக்காரர் ரெண்டு நாள் செட் வைத்துப் பார்த்தார். எண்ணெய்க் கறை இறங்கிவிட்டது, கழுவினாலும் போகலை.

கேட்க வந்தது இதுதான். ஏரி மண்ணிலேயே, மெருகு (கிளேஸ், அதாவது சூட்டில் உருகிப் படியும் கண்ணாடிப் பூச்சு) இல்லாமல் இதைச் செய்ய வழியிருக்கா? கிண்ணத்தைத் தட்டோடு ஒட்டிவிடலாமா? நெளிவை எப்படித் தடுப்பது? விலை எப்படிப் போடுவது?


சூளைச்சாம்பல்:

தட்டில் விழுவதை முதலில் எண்ணிப் பாருங்க: எண்ணெய், உப்பு, எலுமிச்சைப் புளிப்பு, பீட்ரூட் சாறு. மெருகில்லாத மண்ணுக்கு ஆகாத நாலும் ஒரே தட்டில் வருது.

விறகுச் சூளையில் 800, 850 டிகிரிக்குச் சுட்ட ஏரி மண், மண்ணைப் பொறுத்து, தன் எடையில் 12 முதல் 18 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும். தண்ணீர்ப் பானைக்கு அதுதான் சிறப்பு. கசிந்து ஆவியாவதால்தான் உள்ளே குளிருது. செட் தட்டில் அதே துளைக்குள் எண்ணெய் இறங்கி, நாலைந்து நாளில் காறல் வாடை அடிக்கும். உப்பும் உள்ளே போய், காயும்போது படிகமாகி, மேல்தோலைச் சன்னமாக உரிக்கும். பாத்திரம் கழுவும் சோப்பு இறங்கினால் அடுத்த ஆள் சாப்பாட்டில் அது வரும். ஊறுகாயை மண் பானையில் போடாமல் பீங்கான் ஜாடியில் போடும் வழக்கத்துக்குக் காரணமும் இதுவேதான்.

உங்க மண் எவ்வளவு குடிக்குதுன்னு நீங்களே அளக்கலாம். சுட்ட துண்டை அடுப்பருகில் நன்றாக உலர்த்தி எடை போடுங்க. இரண்டு மணி நேரம் தண்ணீரில் கொதிக்க வைத்து, ராத்திரி அதே தண்ணீரில் விட்டு, காலையில் ஈரத்துணியால் மேலே மட்டும் ஒற்றி எடுத்து மறுபடி எடை. கூடின எடையை உலர்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் சதவீதம். சட்னி படும் பாத்திரத்துக்கு இது 2க்குள் இருக்கணும், மீறினால் 3. அது ஸ்டோன்வேர் மண்ணில்தான், அதாவது அதிகச் சூட்டில் கல் மாதிரி இறுகும் மண்ணில்தான் வரும்.

ஏரி மண்ணையே 1220க்குச் சுட்டால் இறுகிவிடாதா என்று தோணும். பெரும்பாலான ஏரி மண்ணில் இரும்பும், மண்ணைச் சீக்கிரம் உருக வைக்கும் சத்தும் அதிகம். 1100, 1150 தாண்டும்போதே உப்பும், கொப்புளிக்கும், பிறகு பாகாக வழிந்து சூளைத் தட்டில் ஒட்டும். சோதிப்பதானால் ஒரு உடைந்த சாசர் மேல் சின்னத் துண்டாக வைத்துச் சுடுங்க. அடுத்தவர் சூளை, அவர் தட்டு பாழாகக் கூடாது.

வெள்ளைப் புள்ளி சுக்கான் கல். சுடும்போது சுண்ணாம்பாகிவிடும். பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து நீறிப் பருக்கும்; பருக்க இடம் இல்லாததால் மேலே இருக்கும் மண்ணைத் தெறிக்க விடும். அதனால்தான் சூளையிலிருந்து எடுத்தபோது நன்றாக இருந்தது, வாரம் கழித்துத் தெறித்தது. காய்ந்த பச்சை மண்ணில் நாலு சொட்டு நீர்த்த அமிலம் விட்டால், சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும். மண்ணைப் பிசைவதற்கு முன் மூணு நாள் ஊறவைத்துக் கூழாகக் கரைத்து 60 கண் (அங்குலத்துக்கு 60 ஓட்டை) சல்லடையில் வடிகட்டினால், கால் மி.மீ.க்கு மேற்பட்ட கல் நின்றுவிடும். அதற்குக் கீழ்ப்பட்டது பெரும்பாலும் கேடு செய்யாது. அகலுக்கும் பானைக்கும்கூட இதைச் செய்வது நல்லது.

நெளிவு பற்றித் தனியாக எழுதறேன், அது பெரிய விஷயம்.


செட்டுத்தட்டு:

கடைப் பக்கத்திலிருந்து நாலு வார்த்தை. அண்ணன் மேலே சொன்னதோடு ஒத்துப்போறேன், ஆனால் கடை ஓடும் விதமும் தட்டைத் தீர்மானிக்கும்.

சாயந்திரம் ஆறரையிலிருந்து ஒன்பது வரைதான் கூட்டம். அந்த நேரத்தில் ஒரு தட்டு ஏழெட்டுத் தடவை போய் வரும். கழுவுவது இரண்டு வாளி: ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் நல்ல தண்ணீர். துடைக்க ஆள் இல்லை, கவிழ்த்து வைத்தால் வைத்ததுதான். மெருகில்லாத மண் தட்டு இந்த ஓட்டத்தில் காயவே காயாது. ஈரத்தோடு அடுக்கினால் மூணாம் நாள் அடியில் கருப்புப் பூஞ்சை.

இலை வைத்துக் கொடுக்கலாமே என்பாங்க. வாழை இலையை அனலில் லேசாக வாட்டி 16, 17 செ.மீ. வட்டமாக நறுக்கினால் கிழியாமல் படியும். மந்தாரை இலையும் நல்லது. வீட்டு விருந்துக்கு, பத்துப் பதினைந்து பேருக்கு, ஏரி மண் தட்டில் இலை போட்டுத் தருவது அழகுதான், மண்ணுக்கும் கெடுதல் குறைவு. கடையில் இலை விளிம்பைத் தாண்டிச் சட்னி கசியும். தினமும் முந்நூறு வட்டம் நறுக்க ஆள் வேணும். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தபின் இலைக்கு மாறிய கடைகளில் இந்த நறுக்கும் வேலைதான் பெரிய சுமை.

கிண்ணத்தைத் தட்டோடு ஒட்டவே ஒட்டாதீங்க. ஒன்று, அடுக்க முடியாது. 60 தட்டை அடுக்காமல் வைக்கத் தள்ளுவண்டியில் இடம் ஏது? இரண்டு, கிண்ணச் சுவரும் தட்டின் தரையும் சேரும் மூலையில் பூண்டுச் சட்னி ஏறிக் காய்ந்துவிடும். ஈர்க்குச்சி வைத்துச் சுரண்டினால்தான் வரும், கூட்டத்தில் யாரும் சுரண்ட மாட்டாங்க. மூன்று, கிண்ணம் உடைந்தால் தட்டும் போச்சு. தட்டின் நடுவில் 3 மி.மீ. ஆழத்துக்கு வட்டப் பள்ளம் மட்டும் விடுங்க, கிண்ணம் அதில் நகராமல் நிற்கும். நொறுக்கல் (தட்டுவடையை நொறுக்கிக் காயும் சட்னியும் கலந்தது) கேட்பவருக்குக் கிண்ணத்தை எடுத்துவிட்டு அதே தட்டில் கொட்டலாம்.

உள்மூலைகள் எல்லாமே விரல் நுனி போகிற அளவு வளைவாக இருக்கட்டும்.


கிளேஸ்வாளி:

ஸ்டோன்வேர் மண், 1220 டிகிரி, உட்புறம் மெருகு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஏரி மண்ணை இதிலிருந்து முழுக்க விலக்க வேண்டாம். 1220ல் உருகி வழியும் மண் என்றால் அது நல்ல கிளேஸ். உடம்பு வாங்கிய மண்ணாகவும், மேல் நிறம் உங்க ஏரி மண்ணாகவும் இருக்கட்டும்.

செய்முறை: ஏரி மண்ணைக் கூழாக்கி 80 கண் சல்லடையில் வடித்துக் காயவைத்துப் பொடியுங்க. அதில் பாதியை ஒரு சட்டியில் போட்டு 850 டிகிரிக்கு, உங்க விறகுச் சூளையிலேயே, வறுத்தெடுங்க. வறுக்காமல் முழுக்கப் பச்சை மண்ணாகப் போட்டால், முதல் சூடு (கிளேஸ் போடும் முன் ஒருமுறை சுடுவது) கண்ட தட்டின் மேல் காயும்போது கிளேஸ் சுருங்கி வெடிக்கும், சூளையில் அந்த வெடிப்பு விலகித் தீவு தீவாக ஒதுங்கி, இடையில் வெறும் மண் தெரியும். முழுக்க வறுத்ததாகப் போட்டால் வாளியின் அடியில் கல்லாகப் படிந்துவிடும். பாதிக்குப் பாதி சரி.

இந்த மண் 80 பங்கு, ஈயமில்லாத போரான் ஃப்ரிட் (முன்பே உருக்கி அரைத்த கண்ணாடித் தூள்) 20 பங்கு. இது தொடக்கம்தான். 90:10, 70:30 இரண்டும் சேர்த்து மூணு கலவை சோதனைத் துண்டில் சுடுங்க, துண்டு நிற்க வைத்ததாக இருக்கணும், படுக்க வைத்தால் வழிவது தெரியாது. பளபளப்பு வந்து, அடியில் வழியாமல் நிற்கிறதே உங்களுடையது. நிறம் தேன் பழுப்பிலிருந்து கருப்பட்டி வரை வரும். 5 கிலோ தூளுக்கு 5 லிட்டர் தண்ணீர் என்று கரைத்தால் அடர்த்தி 1.45 பக்கம் நிற்கும், இரண்டு மூணு வினாடி முக்கினால் போதும். நகத்தால் கீறிப் பாருங்க, ஒரு மி.மீ.க்கும் சற்றுக் குறைவாக இருக்கணும்.

கிண்ணத்துக்குள் பச்சைச் சட்னி எடுப்பாகத் தெரிய வெள்ளையோ தெளிவோ வேணும் என்றால்: ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ், கயோலின், வொல்லாஸ்டோனைட், போரான் ஃப்ரிட், ஐந்தும் 20 பங்கு. நினைவில் வைக்க எளிது, 1220க்கு ஒத்துவரும். ஃப்ரிட் கம்பெனிக்குக் கம்பெனி மாறுவதால் முதலில் துண்டில் பாருங்க. பழைய குறிப்புகளில் ஃபெல்ஸ்பார் 40, குவார்ட்ஸ் 30, சுண்ணாம்புத் தூள் 20, கயோலின் 10 என்று ஒன்று வரும். அது நல்ல கிளேஸ்தான், ஆனால் 1280க்கானது. 1220ல் சரியாக உருகாமல் பால் மாதிரி மங்கி நிற்கும். அரைகுறையாக உருகிய கிளேஸை எலுமிச்சை அரிக்கும்.

கட்டாயம் விலக்க வேண்டியவை. சாப்பாடு படும் இடத்தில் தாமிரப் பச்சை வேண்டாம், புளிப்பில் தாமிரம் இறங்கும். குறைந்த சூட்டுக்கென்று விற்கும் மலிவான பளபளப்புக் கிளேஸ்களில் ஈயம் இருக்கக்கூடும். பையில் ஈயமில்லாதது என்று எழுதியிருந்தால் மட்டும் வாங்குங்க. அலங்காரப் பானைக்கு அடிக்கும் வார்னிஷ், எனாமல் பெயின்ட் எதுவும் சாப்பாட்டுத் தட்டுக்கு ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும்.

இன்னொன்று, சேலம் என்பதால் கேட்பாங்க: சுண்ணாம்புக் கரட்டு மேக்னசைட் கல்லை அரைத்துக் கிளேஸில் போடலாமா? கொஞ்சம் போட்டால் வெண்ணெய் மாதிரி மங்கல் மெருகு வரும். கொஞ்சம் கூடினாலும் காயும்போது சுருங்கி ஒதுங்கும். அந்த மங்கல் மேற்பரப்பில் பீட்ரூட்டும் மஞ்சளும் பிடிக்கும். பூச்சாடிக்கு வைத்துக்கொள்ளுங்க.

சுட்டபின் சோதனை: எலுமிச்சைத் துண்டைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விடுங்க. காலையில் துடைத்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தால் அந்த வட்டம் மட்டும் மங்கியிருந்தால் கிளேஸ் தேறவில்லை. மங்காவிட்டால் ஈயம் இல்லை என்று அர்த்தமாகாது, ஈயம் கண்ணுக்குத் தெரியாது. விற்பனைக்குப் போகும் முன் இரண்டு கிண்ணத்தை ஆய்வகத்தில் கொடுங்க. ஐஎஸ்ஓ 6486 முறையில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் உள்ளே ஊற்றி வைத்து, இறங்கிய ஈயத்தையும் காட்மியத்தையும் அளப்பாங்க.

குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார் தூளை எடை போடும்போது முகமூடி கட்டாயம். தரையைப் பெருக்காதீங்க, ஈரத்துணியால் துடைங்க.


ஏரிமண்:

எல்லாருக்கும் நன்றிங்க. அளந்து பார்த்தேன்: உலர்ந்த துண்டு 212 கிராம், ஊறியபின் 245. கணக்குப்படி 15.6 சதவீதம். அமிலம் விட்டால் நுரைக்கவும் செய்யுது. கடைக்காரரும் ஒட்டாத கிண்ணத்துக்குச் சரி சொல்லிவிட்டார். ஏரி மண்ணே கிளேஸ் ஆகும் என்பது எனக்குப் புதுசு, அதைத்தான் செய்யப் போறேன்.

ஸ்டோன்வேர் மண் எங்கே வாங்குவது, எவ்வளவு சுருங்கும், நெளிவுக்கு என்ன பண்ணணும் என்று அண்ணன் சொன்னால் புண்ணியம்.


சூளைச்சாம்பல்:

மண் புதுச்சேரிப் பக்கம் கிடைக்கும். 1971ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி தொடங்கினதிலிருந்து அங்கே ஸ்டோன்வேர் பட்டறைகள் பெருகி, அவர்களுக்கு மண் கலந்து கொடுப்பவர்களும் இருக்காங்க. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கும் விருத்தாசலத்திலும் விசாரிங்க. வாங்கும்போது இரண்டு கேள்வி கேட்கணும்: எத்தனை டிகிரிக்கு முதிரும், அந்தச் சூட்டில் எத்தனை சதவீதம் தண்ணீர் குடிக்கும். 1280க்கான மண்ணை 1220க்குச் சுட்டால் இறுகாது, கிளேஸ் மேலே பளபளப்பாக இருந்தாலும், தட்டு நிற்கும் மெருகில்லாத அடி வட்டம் வழியே தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கும்.

சுருக்கத்தை அவர்கள் சொல்வதை நம்பாமல் அளங்க. 14 செ.மீ. நீளப் பட்டை தட்டி, ஈரமாக இருக்கும்போதே 10 செ.மீ. கோடு கீறி, 1220க்குச் சுட்டு அளந்தால் 8.8 இருந்தால் 12 சதவீதம். கீழே எல்லாம் 12 என்று வைத்துச் சொல்றேன், உங்களுக்கு மாறினால் கணக்கும் மாறும்.

5 செ.மீ. கிண்ணத்தைச் சுற்றி அதே 5 செ.மீ. வட்டம் ஆறு கச்சிதமாக உட்காரும், ஒரு ரூபாய்க் காசைச் சுற்றி ஆறு காசு வைத்துப் பார்த்தால் தெரியும். அதற்கு 15 செ.மீ. போதும், ஆனால் விரல் போய் எடுக்க இடம் வேணும், பள்ளத்தின் விளிம்பும் இருக்கு. சுட்டபின் உள்தரை 17, மேல் விளிம்பு 20, உயரம் 2. சக்கரத்தில் இருக்கும்போது உள்தரை 19.3, விளிம்பு 22.7. நடுப் பள்ளம் 6.2, அப்போது சுட்டபின் 5.5க்குச் சற்றுக் குறையும், 5 செ.மீ. கிண்ணம் இறுகாமல் உட்காரும். கிண்ணம் சக்கரத்தில் 5.7 அகலம், 3.4 உயரம். சுட்டபின் 30 மில்லி பிடிக்கும்.

தட்டுக்கு 1 கிலோ உருண்டை. கடைந்து முடித்துச் சுட்டபின் 550 முதல் 600 கிராம் வரும். விளிம்பு செங்குத்தாக நிற்கக் கூடாது, வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால்தான் அடுக்கும். அடி வட்டம் சுட்டபின் 13 செ.மீ. இருந்தால் கீழ்த்தட்டின் உள்தரையில் போய் உட்காரும், பத்துத் தட்டு 13, 14 செ.மீ. உயரத்தில் அடங்கும். எடை 6 கிலோ. ஒரு ஆள் தூக்குவதற்கு அதுதான் அளவு.

இப்போது நெளிவு. அது சூளையில் தெரிந்தாலும் பெரும்பாலும் சக்கரத்திலேயே தொடங்கிவிடும். தரையை விரித்தபின் மரச்சில்லால் நடுவிலிருந்து விளிம்புக்கும், விளிம்பிலிருந்து நடுவுக்கும் ஐந்தாறு முறை அழுத்தி இழுங்க. அழுத்தாமல் விட்ட தரை காயும்போது நடுவில் பாம்பு வளைவாக விரிசல் விடும். அறுத்துக் கையால் தூக்கும் பழக்கத்தை இதற்கு விட்டுவிடணும். தூக்கும்போது வளைந்த தட்டைத் திருப்பி நேராக்கினாலும், மண் அந்த வளைவை மறக்காது, 1220ல் மறுபடி அப்படியே வளையும். சக்கரத்தின் மேல் பலகை ஒட்டி அதிலேயே வனைந்து, பலகையோடு எடுத்து வைங்க. தோல் பதம் (பாதி காய்ந்து, தொட்டால் அமுங்காத பதம்) வரும்வரை தொடாதீங்க.

சேலத்துச் சித்திரை, வைகாசி வெயிலில் விளிம்பு ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும், நடு அப்போதும் ஈரமாக இருக்கும். விளிம்பு முதலில் சுருங்கி நடுவை மேலே தள்ளும். வனைந்த அரை மணியில் விளிம்பைச் சுற்றிப் பாலிதீன் பட்டை போடுங்க, நடு திறந்திருக்கட்டும். விளிம்பு கையைத் தாங்கும் பதம் வந்ததும் இன்னொரு பலகையை மேலே வைத்து இரண்டையும் சேர்த்துக் கவிழ்த்து, அடி வட்டம் கடைந்து, கவிழ்ந்தபடியே காற்றோட்டம் இல்லாத இடத்தில் நாலைந்து நாள் காயட்டும். மின்விசிறிக்கடியில் வேண்டாம்.

13 செ.மீ. அடி வட்டத்துக்குள் நடுத்தரை தொங்க வாய்ப்புண்டு. அதனால் நடுவில் 4 செ.மீ.யில் இன்னொரு சின்ன வட்டம் விடுங்க, வெளிவட்டத்தைவிட அரை மி.மீ. குட்டையாக. சமமாக விட்டால் தட்டு அதன் மேல் பம்பரமாகச் சுற்றும்.

முதல் சூடு: மணிக்கு 60 டிகிரி வீதம் 120 வரை, அங்கே இரண்டு மணி நேரம் நிறுத்தி, கதவை விரல் அகலம் திறந்து ஆவி போக விடுங்க. பிறகு மணிக்கு 100 வீதம் 600 வரை. 573ல் குவார்ட்ஸ் உருமாறிப் பருக்கும், அதை அவசரமாகத் தாண்டினால் விளிம்பிலிருந்து கீறல் ஓடும். அதன்பின் மணிக்கு 150, 980ல் முடிக்கலாம். கிளேஸ் சூடு 1220, கடைசி 200 டிகிரியை மெதுவாக ஏற்றி 15 நிமிடம் நிறுத்துங்க. இறங்கும்போதும் அதே 573 இருக்கு, 150க்குக் கீழே வராமல் கதவைத் திறக்காதீங்க.

அடி வட்டத்தில் மெழுகு தடவிவிட்டுத்தான் கிளேஸில் முக்கணும். சுட்டபின் 120 எண் கார்போரண்டம் கல்லால், தண்ணீர் விட்டு, அடி வட்டத்தைத் தேயுங்க. தேய்க்காமல் அடுக்கினால் ஒரு தட்டின் அடி இன்னொன்றின் மெருகைக் கீறும், ஒரே மாதத்தில் தட்டெல்லாம் பழசாகத் தெரியும்.


மலைக்காப்பி:

இடையில் புகுந்து கேட்பதற்கு மன்னிக்கணும். ஏற்காட்டில் காப்பி வறுத்து அரைத்து விற்கும் சின்னக் கடைக்கு 120 மில்லி கப் 40 வேணும். மெருகில்லாத மண் கப் என்றால் வர்றவங்க விரும்புறாங்க. மலையில் அது நிற்குமா?


கிளேஸ்வாளி:

ஒருமுறை குடித்துவிட்டுப் போடும் கப் என்றால் நிற்கும். கழுவித் திரும்பப் பயன்படுத்துவதென்றால் அங்கே இன்னும் மோசம். ஐப்பசி, கார்த்திகை மூடுபனியில் ஊறிய மண் கப் இரண்டு நாளானாலும் காயாது, பூஞ்சை உறுதி. வெளியே பாதி வரை மெருகில்லாமல், உள்ளேயும் வாய் படும் விளிம்பிலும் கிளேஸ் போட்ட ஸ்டோன்வேர் எடுங்க, கையில் மண் உணர்வு இருக்கும்.

இரண்டு கணக்கு மட்டும் சொல்லணும். நீளம் 12 சதவீதம் சுருங்கினால் கொள்ளளவு 32 சதவீதம் குறையும். 120 மில்லி காப்பிக்கு விளிம்பு வரை 140 பிடிக்கணும் என்றால் சக்கரத்தில் 205 மில்லி பிடிக்கிற கப் வனையணும். இதைத் தவறவிட்டுத்தான் நிறைய ஆர்டர் குட்டையாக முடியுது. அடுத்தது, 1500 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 95 டிகிரிப் பக்கமே கொதித்துவிடும். தடித்த கப் அதிலிருந்தும் சூட்டை உறிஞ்சும். சுவர் 4 மி.மீ.க்கு மேல் வேண்டாம், ஊற்றும் முன் கப்பை வெந்நீரில் அலசச் சொல்லுங்க.


செட்டுத்தட்டு:

விலைக்கு வர்றேன், கேட்ட தம்பி அதுக்கு இன்னும் பதில் வாங்கலை.

தட்டு ஒன்றுக்கு மண், கிளேஸ் தூள், சூளை, உங்க கூலி, கழிவு. இதில் எல்லாரும் விடுவது சூளையும் கழிவும். 45 செ.மீ. சூளையின் ஒரு அடுக்கில் 20 செ.மீ. தட்டு நாலு நிற்கும், அடுக்குக்கு 6 செ.மீ. வைத்தால் ஏழு அடுக்கு. நாலு தட்டுக்கு நடுவில் விழும் இடைவெளியில் ஒரு கிண்ணம் தாராளமாக நிற்கும். 60 வேணும் என்றால் 75 தட்டு வனையணும். நெளிவு, கிளேஸ் ஒதுங்கல், கடைக்கு உதிரி எல்லாம் அந்தப் பதினைந்தில். ஆக, கிளேஸ் சூடு மூணு தடவை: 19 அடுக்கில் தட்டு, 2 அடுக்கில் கிண்ணம் மட்டும். முதல் சூட்டில் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கலாம் என்பதால் இரண்டு தடவை போதும். ஐந்து சூட்டுக்கும் மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்து, மொத்தத் தொகையை 75ஆல் வகுக்காமல், கைக்கு வந்த நல்ல தட்டின் எண்ணிக்கையால் வகுங்க. கிண்ணம் தட்டோடு சேர்ந்த கணக்கு, தனியாக வகுக்க வேண்டாம். கூலியை ஒரு நாளைக்கு இத்தனை தட்டு என்று பார்க்காதீங்க. வனைவது, கடைவது, கிளேஸ், அடி தேய்ப்பது, நாலுக்கும் நேரம் சேர்த்துப் போடுங்க. வனைவதைவிட மற்ற மூணும் அதிக நேரம் பிடிக்கும்.

கடைக்காரரோடு வாய்ப்பேச்சாக விடாமல் எழுதிக்கொள்ள வேண்டியது: மாதிரி ஆறு தட்டுக்குத் தனிக் காசு, பிடித்தால் அதை மொத்தத்தில் கழித்துக்கொள்வது, பாதி முன்பணம், கையால் செய்தது என்பதால் அகலத்தில் 3 மி.மீ., நிறத்தில் ஒன்றிரண்டு சாயல் மாறலாம் என்பதற்கு ஒப்புதல். உடைந்தால் ஆறு மாதம் கழித்துக் குறைந்தது பத்து சேர்ந்தபின் மறு ஆர்டர், ஒன்றிரண்டுக்காகச் சூளை பற்ற வைக்க முடியாது. நீங்க உங்க பக்கம் ஒரு நல்ல தட்டையும் அளவுக் குச்சியையும் வைத்துக்கொள்ளணும், அடுத்த தடவை அதைப் பார்த்துத்தான் வனையணும்.

காலமும் பாருங்க. ஆடியில் கோட்டை மாரியம்மன் திருவிழாக் கூட்டம், கடைக்காரருக்குத் தட்டு அதற்கு முன்னால் கையில் இருக்கணும். ஐப்பசிக்கு மேல் உங்களுக்கு அகல், மார்கழியில் பொங்கல் பானை, சக்கரம் சும்மா இருக்காது. வைகாசிக்குள் சோதனைத் துண்டுகளை முடித்து, மாதிரி ஆறைக் கடையில் பதினைந்து நாள் ஓடவிடுங்க. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் கழுவுகிற பையனிடமே கேளுங்க, எந்த மூலையில் சட்னி நிற்குதுன்னு அவன்தான் சொல்வான்.


ஏரிமண்:

மூணு கலவைக்கும் துண்டு செய்து காய வைத்திருக்கேன், நிற்கிற மாதிரியே. பாதி மண்ணை நாளைச் சூளையில் சட்டியோடு வைக்கிறேன். மாதிரி ஆறு ஓடினதும் எடையும் எலுமிச்சைச் சோதனையும் இங்கேயே போடறேன்.